முடிவு தெரியாதவர்கள்

'உல்ஃப் ஹால்' நாவலை ஆசையாக வாங்கி, இருபது பக்கம் தாண்ட முடியாமல் அலமாரியில் வைத்துவிட்டவர்கள் பலரைச் சந்தித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். "எடுத்த எடுப்பிலிருந்து 'அவன், அவன்' என்றே போகிறது. எந்த அவன் என்று பிடிபடவில்லை. போதாததற்கு, அரண்மனையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்குத் தாமஸ் என்று பெயர்." இரண்டும் உண்மைதான். தாமஸ் கிராம்வெல், தாமஸ் மோர், தாமஸ் வுல்ஸி, தாமஸ் கிரான்மர், தாமஸ் பொலின், தாமஸ் வயட் என்று வரிசை நீளும். பெயர்க் குழப்பத்துக்கு ஆசிரியர் பொறுப்பில்லை. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து அப்படித்தான் பெயர் வைத்தது. ஆனால் அந்த 'அவன்' ஆசிரியர் தெரிந்தே செய்த காரியம். ஹிலாரி மேன்டலின் எழுத்துக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் இல்லை. கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும்.

மேன்டல் 2022 செப்டம்பர் 22 அன்று, எழுபதாவது வயதில் இறந்தார். புக்கர் பரிசை இரண்டு முறை வென்ற முதல் பெண் அவர். பிரிட்டிஷ் எழுத்தாளர்களிலும் அவர்தான் முதல். 2009இல் 'உல்ஃப் ஹால்', 2012இல் அதன் தொடர்ச்சியான 'பிரிங் அப் தி பாடீஸ்'. இவற்றையெல்லாம் அஞ்சலிக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வரலாற்றில் இடம்பிடித்தவர்களிடமிருந்து நாம் ஒன்றைப் பறித்துக்கொண்டு விடுகிறோம். நாளை என்ன நடக்கும் என்று தெரியாத நிலை. அவர்களுடைய முடிவு நமக்குத் தெரியும் என்பதாலேயே, அவர்களுக்கும் அது தெரிந்திருந்தது போல நினைத்துக்கொள்கிறோம். மேன்டல் அந்தத் தெரியாமையை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். எப்படிக் கொடுத்தார் என்பதைச் சொல்ல, அவர் எங்கிருந்து வந்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

1952 ஜூலை 6 அன்று, வட இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கிளாசப் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்திலிருந்த ஹேட்ஃபீல்டு என்ற பஞ்சாலைக் கிராமம். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் வழி. பிறந்தபோது பெயர் ஹிலாரி மேரி தாம்ப்சன். 'மேன்டல்' எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக் கதை. அவர் சிறுமியாக இருந்தபோது ஜாக் மேன்டல் என்பவர் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச நாளில் அம்மாவும் அவரும் கணவன் மனைவி போல வாழத் தொடங்கினார்கள். அப்பா ஹென்றி தாம்ப்சன் உடனே வெளியேறிவிடவில்லை. அதே வீட்டில் வேறொரு அறையில் தங்கியிருந்தார். ஊர் வாய்க்கு அது தீனி. வீட்டிலோ, பிள்ளைகளிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. ஹிலாரிக்குப் பதினோரு வயதானபோது அம்மாவும் ஜாக்கும் பிள்ளைகளும் செஷயரில் உள்ள ரோமிலிக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்பா அவர்களோடு போகவில்லை. அதற்குப் பிறகு ஹிலாரி அவரைப் பார்க்கவே இல்லை. ஜாக்கின் குடும்பப் பெயரே அவருடைய பெயருமானது.

அதற்கு முன்பு, ஹேட்ஃபீல்டு வீட்டில், ஏழு வயதில், அவருக்கு இன்னொன்றும் நடந்தது. 2003இல் வெளிவந்த 'கிவிங் அப் தி கோஸ்ட்' என்ற தன்வரலாற்றில் அதை எழுதியிருக்கிறார். வீட்டுத் தோட்டத்தில், புல்லுக்கும் களைக்கும் நடுவே, எதையோ பார்த்தார். உருவம் இல்லை, நிறம் இல்லை. காற்றில் ஒரு கலக்கம், அவ்வளவுதான். ஆனால் அது தீமையே வடிவானது என்று அந்தக் குழந்தைக்கு உறுதியாகத் தெரிந்தது. அது தன் உடம்புக்குள் புகுந்துவிட்டது என்று நம்பியது. பெரியவரான பிறகும் மேன்டல் இதைக் கற்பனை என்று தள்ளவில்லை, அமானுஷ்யம் என்று பெரிதாக்கவும் இல்லை. பார்த்தேன் என்கிறார், அதோடு விட்டுவிடுகிறார். ஒன்றை விளக்கிவிடாமலேயே உண்மையாகச் சொல்ல முடியும் என்ற அந்தத் துணிச்சல் அவருடைய எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது.

1970இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். பிறகு ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துக்கு மாறி 1973இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே ஜெரால்டு மக்யூவன் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். அவர் நிலவியலாளர். இந்த இளம் வயதில்தான் நோய் ஆரம்பித்தது. கால் வலி, வயிற்று வலி, வாந்தி. மருத்துவர்களிடம் போனார். படிப்புச் சுமை, மன அழுத்தம் என்றார்கள். மனநோய்க்கான மாத்திரைகள் கொடுத்தார்கள். அந்த மாத்திரைகளே புதுப் புதுத் தொந்தரவுகளைக் கிளப்பின; அந்தத் தொந்தரவுகளைக் காட்டி, மனநோய் உறுதி என்றார்கள். எழுதுவதை நிறுத்திவிடு என்றுகூட ஒரு மருத்துவர் சொன்னார். இருபது வயதுப் பெண் தன் உடம்பு வலிக்கிறது என்கிறாள். படித்தவர்கள் கூடி, வலிப்பது உன் மனசு என்கிறார்கள். இன்றைக்கும் எத்தனை பெண்களுக்கு இது நடக்கிறது என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

1977இல் கணவரின் வேலைக்காக போட்ஸ்வானா போனார்கள். அங்கேதான் மேன்டல் ஒரு மருத்துவப் பாடநூலை எடுத்துத் தன் அறிகுறிகளை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வளர்ந்து, மாதாமாதம் புண்ணாகி, வயிற்றுக்குள் தழும்பேறிப் போகும் நோய். லண்டன் திரும்பியபோது மருத்துவமனை அதையே உறுதி செய்தது. அதற்குள் நோய் முற்றியிருந்தது. இருபத்தேழு வயதில் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். குழந்தை என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. நோய் முடியவில்லை. பிறகு எடுத்துக்கொண்ட ஹார்மோன் சிகிச்சைகளில் ஒடிசலாக இருந்த உடம்பு அடையாளம் தெரியாமல் மாறியது. வலி கடைசிவரை கூடவே இருந்தது. இடையில் திருமணமும் முறிந்தது; ஆனால் பிரிந்த ஜெரால்டையே சீக்கிரம் மறுமணம் செய்துகொண்டார். அவர்தான் கடைசிவரை துணை.

நோயைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதிகாரத்தில் இருப்பவர்கள் எழுதிவைத்த குறிப்பு எவ்வளவு பிழையாக இருக்க முடியும் என்பதை அவர் தன் சொந்த உடம்பில் கற்றுக்கொண்டார். 'மனநோய்' என்று கோப்பில் எழுதியிருந்தது, கோப்பு தவறு. மூல நூலைத் தானே திறந்து படித்ததால்தான் உண்மை கிடைத்தது. பிற்காலத்தில் எட்டாம் ஹென்றி மன்னரின் அரசுக் காகிதங்களை அவர் படித்த விதத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

எழுத ஆரம்பித்தது 1974இல். வயது இருபத்திரண்டு. பகலில் மான்செஸ்டரில் ஒரு பெரிய கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை. மற்ற நேரமெல்லாம் பிரெஞ்சுப் புரட்சி. நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்துவந்து குறிப்பெடுத்தார். புரட்சித் தலைவர்களான ரோபஸ்பியர், டான்டன், காமில் டெமுலன் மூவரையும் நடுவில் வைத்து எண்ணூறு பக்கத்துக்கும் மேல் நீளும் ஒரு நாவல். பெயர் 'எ ப்ளேஸ் ஆஃப் கிரேட்டர் சேஃப்டி'. 1979இல் முடித்து அனுப்பினார். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அறுவை சிகிச்சை நடந்ததும் அந்தக் காலகட்டம்தான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். மேன்டல், சரி, வேறு வாசல் வழியாக நுழைகிறேன் என்று, சமகால இங்கிலாந்தில் நடக்கும் சின்ன, கறுப்பான நாவல் ஒன்றை எழுதினார். அதுதான் 1985இல் வெளியான 'எவ்ரி டே இஸ் மதர்ஸ் டே'. அடுத்த வருடம் அதன் தொடர்ச்சி. நடுவில் சில வருடங்கள் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் வாழ்ந்தார். அங்கே ஓர் அடுக்ககத்தில் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் கழிந்த நாட்களிலிருந்து 1988இல் 'எய்ட் மன்த்ஸ் ஆன் கஸ்ஸா ஸ்ட்ரீட்' வந்தது. ஊர் திரும்பியதும் 'ஸ்பெக்டேட்டர்' வார இதழில் சினிமா விமர்சனம் எழுதினார். பிரெஞ்சுப் புரட்சி நாவல் கடைசியில் 1992இல் அச்சேறியது. முடித்துப் பதின்மூன்று வருடம் கழித்து. இருபதுகளில் எழுதிய புத்தகம் நாற்பதாவது வயதில் கைக்கு வருகிறது. அந்தப் பதின்மூன்று வருடமும் அது வீணாகவில்லை என்பதை, பிறகு 'உல்ஃப் ஹால்' நாயகர் தாமஸ் கிராம்வெல்லைப் படிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். மூன்று இளைஞர்கள் தலை வெட்டப்படப் போகிறார்கள் என்று தெரியாமல் காப்பிக்கடையில் பேசிச் சிரிக்கும் பக்கங்களில்தான் மேன்டல் தன் வித்தையைப் பழகினார்.

இப்போது கிராம்வெல்லுக்கு வருவோம். ஆலிவர் கிராம்வெல் வேறு. மன்னர் தலையை வெட்டிய அவர் நூறு வருடம் கழித்து, இந்தத் தாமஸின் சகோதரி வழியில் வந்தவர். தாமஸ், லண்டனுக்குப் பக்கத்தில் பட்னியில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஒரு முரடரின் மகன். சிறு வயதிலேயே கடல் தாண்டி ஓடினார். இத்தாலியில் சிலகாலம், ஆன்ட்வெர்ப்பில் துணி வியாபாரிகளோடு சிலகாலம். திரும்பி வந்து வக்கீலானார். மன்னரின் முதன்மை அமைச்சரான கார்டினல் வுல்ஸியிடம் வேலைக்குச் சேர்ந்தார். எட்டாம் ஹென்றிக்கு ஆண் வாரிசு இல்லை. அரசி கேத்தரினை விலக்கி ஆன் பொலினை மணக்க ஆசை. போப் அனுமதி தரவில்லை. அனுமதி வாங்கித் தர முடியாமல் வுல்ஸி வீழ்ந்தார். யாரால் முடியும் என்ற கேள்விக்கு கிராம்வெல் பதிலாக வந்தார். போப்பே தேவையில்லை, மன்னரே திருச்சபைக்குத் தலைவர் என்று 1534இல் சட்டம் வந்தது. மடங்கள் கலைக்கப்பட்டன. 1536இல் அதே ஆன் பொலின் தலை போனது. அதை ஏற்பாடு செய்தவரும் கிராம்வெல்தான். 1540 ஜூலை 28இல் அவர் தலையும் போனது. அன்றைக்கே ஹென்றி ஐந்தாவது திருமணம் செய்துகொண்டார்.

பள்ளிக்கூட வரலாற்றில் இவர் வில்லன். 1960இல் ராபர்ட் போல்ட் எழுதிய 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' நாடகமும், 1966இல் அதிலிருந்து வந்து ஆஸ்கர் வாங்கிய படமும் மன்னரைத் திருச்சபைத் தலைவராக ஏற்க மறுத்த தாமஸ் மோரை மனசாட்சியின் வீரராகவும் கிராம்வெல்லை நயவஞ்சகராகவும் மக்கள் மனதில் பதித்துவிட்டன. நியூயார்க்கின் ஃப்ரிக் கலைக்கூடத்தில் ஹோல்பைன் வரைந்த இருவர் படங்களும் ஒரே கணப்படுப்பின் இரு பக்கமும் மாட்டப்பட்டிருக்கும். வெல்வெட் சட்டைக்கையும் தங்கச் சங்கிலியுமாக மோர், அழகு. எதிர்ப்பக்கம் தடித்த முகமும் சிறிய கண்களுமாக, மேசையில் காகிதங்களோடு, கையில் ஒரு தாளை மடக்கிப் பிடித்தபடி கிராம்வெல். மேன்டலுக்கு இந்த ஓவியம் நன்றாகத் தெரியும். நாவலில் கிராம்வெல் முடிந்த ஓவியத்தைப் பார்த்து, தன் முகம் கொலைகாரன் முகமாக அல்லவா இருக்கிறது என்று திடுக்கிடுகிறார். இது அவருக்கு இவ்வளவு நாள் தெரியாதா என்று பக்கத்தில் நிற்கும் மகன் கேட்கிறான். பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது கடைசியாக நமக்குத்தான் தெரியும். நானூற்றைம்பது வருடமாக நாம் அந்த ஓவியத்தை வெளியிலிருந்து பார்த்தோம். மேன்டல் அதன் கண்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து அறையைப் பார்த்தார்.

'அவன்' என்ற முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. யாரும் தன் மனதுக்குள் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கண்களுக்குப் பின்னால் இருப்பவருக்குத் தன் பெயர் தேவைப்படாது, மற்றவர்களுக்குத்தான் பெயர். ஆகவே விதி எளிது: வேறு யாரையும் குறிக்கிறது என்று வெளிப்படையாகத் தெரியாத எந்த 'அவன்' வந்தாலும் அது கிராம்வெல். இதை மனதில் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள். 1500ஆம் ஆண்டு, பட்னி. ஒரு சிறுவன் முற்றத்துக் கல்லில் விழுந்துகிடக்கிறான். அப்பா பூட்ஸ் காலால் உதைக்கிறார். சிறுவன் கண்ணுக்கு எதிரே அந்த பூட்ஸின் தையல் பிரிந்திருக்கிறது; நூலில் ஒரு முடிச்சு துருத்திக்கொண்டு நிற்கிறது; அந்த முடிச்சு புருவத்தைக் கிழிக்கிறது. அவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் நாம். இவன் வளர்ந்து இங்கிலாந்தையே புரட்டிப்போடுவான் என்று முற்றத்தில் யாருக்கும் தெரியாது. அவனுக்கு அந்த நேரத்தில் உள்ள ஒரே கவலை, அடுத்த உதை எங்கே விழும் என்பது.

நடப்பவை எல்லாம் நிகழ்காலத்திலேயே சொல்லப்படுவதற்கும் இதுவே காரணம். முடிந்துபோன கிரிக்கெட் ஆட்டத்தின் ஹைலைட்ஸைப் பார்ப்பதற்கும், ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு நேரடி வர்ணனை கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. வரலாற்று நாவல்களில் பெரும்பாலானவை ஹைலைட்ஸ். மேன்டல் பந்து இன்னும் காற்றில் இருக்கும் நொடியில் நம்மை நிறுத்துகிறார்.

ஓர் உதாரணம். 1533 செப்டம்பர் 7இல் ஆன் பொலினுக்குக் குழந்தை பிறக்கிறது. ஆண் குழந்தை என்று நிச்சயமாக எதிர்பார்த்து, இளவரசர் பிறந்தார் என்று அறிவிக்கும் கடிதங்களை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார்கள். பெண் பிறந்ததும் ஓர் எழுத்தைச் செருகி 'இளவரசி' ஆக்க வேண்டியதாயிற்று. நமக்குத் தெரியும், அது முதலாம் எலிசபெத். நாற்பத்து நான்கு வருடம் நாட்டை ஆளப்போகிறவள். தொட்டிலைச் சுற்றி நிற்பவர்களுக்கு அவள் ஓர் ஏமாற்றம் மட்டுமே. நம் அறிவை நாவலுக்குள் கசியவிடாமல் அடக்கிவைப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சிறு கண்சிமிட்டல் போதும், எல்லாம் பாழ். மேன்டல் கண்சிமிட்டுவதில்லை.

அதற்காக அவர் மனம்போனபடி எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். ஆவணத்தில் இருப்பதை மாற்றுவதில்லை என்பதில் மிகக் கறாராக இருந்தார். யார் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தார் என்று ஆள்வாரியாக அட்டைகளில் குறித்து அகரவரிசையில் அடுக்கிவைத்திருந்தார். ஒரு பிரபு அன்று வெளியூரில் இருந்தார் என்றால், காட்சிக்கு எவ்வளவு தேவைப்பட்டாலும் அவரை லண்டனுக்கு இழுத்துவரக் கூடாது. 2017இல் பிபிசியில் ஆற்றிய ஐந்து ரீத் உரைகளிலும் இதைத்தான் விரிவாகப் பேசினார். ஆவணம் நிற்கும் இடத்தில்தான் நாவல் தொடங்குகிறது. ஆவணத்தை மிதித்துக்கொண்டு அல்ல.

கிராம்வெல் விஷயத்தில் அந்த இடைவெளி பெரியது. அவருக்கு வந்த கடிதங்கள் மலைபோல இருக்கின்றன. அவர் எழுதிய கடிதங்களின் நகல்களைத்தான் காணோம். அவர் கைதானபோது வீட்டு ஆட்களே அவற்றை அழித்திருக்கலாம் என்று, 2018இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய டயர்மெய்ட் மக்கல்லக் கருதுகிறார். நாடே இவரிடம் கெஞ்சுகிறது, மிரட்டுகிறது, காசு கேட்கிறது. இவர் குரல் மட்டும் கேட்பதில்லை. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிடப் பெரிய அழைப்பு எது?

அந்த இடைவெளியை அவர் எப்படி நிரப்பினார் என்பதற்கு, எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். 1529 ஜூலையில் கிராம்வெல் ஓர் உயில் எழுதினார். அதில் ஆன், கிரேஸ் என்ற தன் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் எழுதிவைத்திருந்தார். பிற்பாடு ஒரு நாள் அந்த வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகள் இறந்துவிட்டார்கள். வரலாற்றில் அவர்களைப் பற்றி இருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான்: காகிதத்தில் ஒரு கோடு. மேன்டல் அந்தக் கோட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். கிரேஸுக்கு, கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதை வேஷம் போட, மயிலிறகால் ஒரு ஜோடிச் சிறகு செய்துகொடுக்கிறார் அப்பா. குழந்தை போன பிறகும் சிறகு வீட்டில் இருக்கிறது. பிறகு அந்தப் பெண்களைப் பற்றி நீளமாகப் புலம்பல் எதுவும் இல்லை. வருடங்கள் ஓடுகின்றன, பதவி ஏறுகிறது. இரண்டாம் நாவல் தொடங்கும்போது வானத்திலிருந்து அவர் மகள்கள் இரத்தம் தோய்ந்த மார்போடு பாய்ந்து இறங்குகிறார்கள். படிப்பவர் அதிர்ந்துபோய் மறுபடி படித்தால்தான் தெரியும், அவை அவர் வளர்க்கும் வேட்டைப் பருந்துகள். செத்துப்போன மகள்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்திருக்கிறார். உயிலிலிருந்து மயிலிறகுக்கு, மயிலிறகிலிருந்து பருந்துக்கு. துக்கம் ஒரு மனிதனுக்குள் எப்படி உருமாறி, எதையோ கொல்லப் பழகிக்கொள்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

ஒரு வில்லனை நல்லவனாக்கிவிட்டார் என்பதுதானே இதன் சாரம் என்று கேட்பீர்கள். முதல் நாவலோடு நிறுத்திவிட்டால் அப்படித்தான் தோன்றும். உழைப்பாளி, பாசக்காரர், பன்மொழி தெரிந்தவர், அநாதைகளை வீட்டில் சேர்த்துக்கொள்பவர் என்று அவர்மேல் நமக்குப் பிரியம் வந்துவிடுகிறது. இரண்டாம் நாவல் அந்தப் பிரியத்தை வைத்தே நம்மைப் பிடிக்கிறது. முதல் நாவலில், வுல்ஸி இறந்ததைக் கொண்டாடி அரண்மனையில் ஒரு கேலி நாடகம் நடக்கும். பிசாசு வேஷம் போட்ட நான்கு பிரபுக்கள், ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்து வுல்ஸியை நரகத்துக்கு இழுத்துப்போவார்கள். கிராம்வெல் முகமூடிக்குள் இருக்கும் முகங்களைப் பார்த்து வைத்துக்கொள்வார். ஆன் பொலினை ஒழிக்க அவளுடைய கள்ளக்காதலர்கள் என்று சிலர் தேவைப்படும்போது, அந்த நால்வரும் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றத்தை அவர்கள் செய்தார்களா? அதைப் பற்றி கிராம்வெல் அதிகம் கவலைப்படுவதில்லை. குற்றவாளிகள்தான் வேண்டும்; வேறு ஏதாவது குற்றம் செய்தவர்களாக இருந்தால் போதும். அந்தக் கேலி நாடகம் உண்மையில் நடந்த ஒன்று. வேஷம் போட்டவர்கள் இவர்கள்தான் என்பது மேன்டலின் கற்பனை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கிராம்வெல்லின் கண்களால் பார்த்துவிட்டு, விசாரணை அறையில் அவரோடு நாமும் உட்கார்ந்திருக்கிறோம். எழுந்து வெளியே போக வழியில்லை.

எதிர்ப்பும் உண்டு. தாமஸ் மோரை அவர் சித்திரித்த விதத்தை வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி போன்றவர்கள் ஏற்கவில்லை. மதத்துரோகி என்று கருதியவர்களை வேட்டையாடுபவராக, வீட்டுப் பெண்களை மட்டம் தட்டுபவராக, தன் தியாகத்தைத் தானே ரசிப்பவராக வரும் மோர், உண்மையான மோரில் பாதிதான் என்பது அவர்கள் வாதம். கிராம்வெல் கண்ணுக்குத் தெரிந்த மோர் அவர் என்று பதில் சொல்லலாம். ஆனாலும் மோர் விஷயத்தில் மேன்டலின் கை சற்று அழுத்தமாகவே விழுந்திருக்கிறது என்று நானும் நினைக்கிறேன். பன்னிரண்டு வயதிலேயே கத்தோலிக்க நம்பிக்கையை விட்டவர் அவர். அந்தப் பழைய கணக்கு கொஞ்சம் உள்ளே இருந்திருக்கலாம். மோரின் தலை வெட்டப்பட்டது 1535 ஜூலை 6. மேன்டலின் பிறந்தநாளும் ஜூலை 6தான்.

மூன்றாம் நாவலான 'தி மிரர் அண்ட் தி லைட்' எட்டு வருடம் கழித்து 2020இல் வந்தது. இடையில் 2013இல் ஒரு புயல். அரச குடும்பத்துப் பெண்களின் உடம்பை உலகம் எப்படிப் பார்க்கிறது என்பதைப் பற்றி அவர் ஆற்றிய உரையிலிருந்து, இளவரசி கேட்டைக் குறித்த சில வரிகளைப் பிய்த்தெடுத்துப் பத்திரிகைகள் பாய்ந்தன. அப்போது இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த பிரதமர் கேமரன் இங்கிருந்தே கண்டனம் தெரிவித்தார். முழு உரையையும் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் இருந்தது பரிவு. வெறும் வாரிசு பெறும் உடம்பாக ஆன் பொலின் எப்படி அளக்கப்பட்டாளோ அப்படியே இன்றைய பெண்ணும் அளக்கப்படுகிறாள், அவளை விட்டுவிடுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. தன் உடம்பைப் பிறர் ஆளுக்கொரு விதமாக விளக்கக் கேட்டு வாழ்ந்தவர் வேறு எப்படிப் பேசுவார்?

இன்னொரு உடம்புக்காகவும் அவர் பேசினார். 1998இல் 'தி ஜெயன்ட், ஓ'பிரையன்' என்றொரு நாவல் எழுதினார். சார்லஸ் பர்ன் என்ற அயர்லாந்து இளைஞரைப் பற்றியது. ஏழரை அடிக்கு மேல் உயரம். லண்டனில் காட்சிப்பொருளாகப் பிழைத்து, 1783இல் இருபத்திரண்டு வயதில் இறந்தார். தன் பிணத்தை அறுத்துவிடுவார்கள் என்று பயந்து, கடலில் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார். ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் பிணத்தைக் கைப்பற்றினார். எலும்புக்கூடு இருநூறு வருடத்துக்கும் மேலாக ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் நின்றது. அதை அயர்லாந்துக்கே அனுப்பிவிட வேண்டும் என்று 2020இல் மேன்டல் வெளிப்படையாகக் கேட்டார். இனி காட்சிக்கு வைக்க மாட்டோம் என்று அருங்காட்சியகம் 2023 ஜனவரியில் அறிவித்தது. எலும்புகளை மட்டும் ஆய்வுக்கென்று தன்னிடமே வைத்துக்கொண்டது.

எதிலிருந்து தொடங்குவது? 'கிவிங் அப் தி கோஸ்ட்' சிறிய புத்தகம், அதை முதலில் படியுங்கள். அந்தக் குரல் காதில் பழகிவிடும். அடுத்து நேராக 'உல்ஃப் ஹால்'. தொடக்கத்தில் பாத்திரங்களின் பெயர்ப் பட்டியலும் வம்சாவளியும் இருக்கும். அங்கே ஒரு விரலை வைத்துக்கொண்டு படிப்பதில் தவறே இல்லை. முதல் நூறு பக்கம் மெதுவாகத்தான் போகும், காலம் முன்னும் பின்னும் தாவும். கிராம்வெல் மனைவி லிஸ் காலையில் படுக்கையில் இருந்து, மாலைக்குள் வியர்வைக் காய்ச்சலில் போய்விடும் இடம்வரை பொறுத்திருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் வைத்துவிட்டு, 1989இல் வந்த 'ஃப்ளட்' என்ற குட்டி நாவலை எடுங்கள். ஹேட்ஃபீல்டு போன்ற ஒரு பஞ்சாலைக் கிராமத்துக்கு யாரென்றே தெரியாத ஒரு துணைப் பாதிரியார் வந்து இறங்கும் கதை, ஒரே நாளில் படித்துவிடலாம். பிரெஞ்சுப் புரட்சியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நீண்ட விடுமுறை வேண்டும்.